மூன்றாம் வரிசை

இரண்டு வரிசை ஏலச்செடிகள் செத்துக்கொண்டிருந்தன. மூன்றாவது வரிசை மட்டும் பச்சைப்பசேல் என்று நின்றது.

மூச்சு வாங்க மேடேறி வந்த பேராசிரியர் சுந்தரராஜ் அப்படியே நின்றுவிட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"தங்கபாண்டியன், இது உன் வரிசைதானே?"

"ஆமா சார்."

"ஐப்பசி லீவில் வந்தபோது இதில் நோய் இருந்ததே?"

"எல்லாத் தூரிலயும் இருந்துச்சு சார். நானே பாத்துக் குறிச்சிருக்கேன்."

பின்னால் வந்த ஆதித்தன் தன் வரிசையைப் பார்த்தான். இலைகள் வெளிறிக் கோடு கோடாய்ச் சுருண்டு, தட்டைகள் குட்டையாகித் தொங்கின. "என் வரிசை சுடுகாடு மாதிரி கெடக்கு. ஒனக்கு மட்டும் எந்தச் சாமிடா வந்து தண்ணி தெளிச்சது?" என்றான்.

குரங்கணிக்கு மேலே, சரிவில் மரநிழலில் கிடந்த அந்தச் சிறு தோட்டம் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். மதுரைக்கு வடக்கே ஒரு பஞ்சாலை முதலாளி தன் சொந்தப் பணத்தில் கட்டிய பல்கலைக்கழகம் அது. மற்றக் கல்லூரிகளில் பாடத்தைப் படித்துப் பரீட்சை எழுதினால் பட்டம். இங்கே அப்படியில்லை. ஆனர்ஸ் மாணவன் ஒவ்வொருவனும் தானே ஓர் ஆராய்ச்சி செய்து ஆய்வேடு எழுதியாக வேண்டும். அது தேறாவிட்டால் ஆனர்ஸ் இல்லை. ஆனர்ஸை இரண்டாம் தடவை எழுதவும் முடியாது. வழுக்கியவன் வழுக்கியவன்தான்.

அந்த வருஷம் தாவரவியல் ஆனர்ஸில் இருந்தது இரண்டே பேர், ஆதித்தனும் தங்கபாண்டியனும். மலையில் ஏலத்தை அழித்துக்கொண்டிருந்த கட்டே நோய்தான் இருவருக்கும் பொருள். தோட்டத்தில் மூன்று ரகம், மூன்று வரிசை. முதல் வரிசை பேராசிரியருடையது, இரண்டாவது ஆதித்தனுடையது, மூன்றாவது தங்கபாண்டியனுடையது. போன சித்திரையில் நோய்ச் செடியிலிருந்து அசுவினிப் பூச்சிகளைத் தூரிகையால் எடுத்து ஒவ்வொரு தூரிலும் விட்டு, வேண்டுமென்றே நோயை ஏற்றியிருந்தார்கள். எந்த ரகம் சாகிறது, எது தாங்குகிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. நோய் கண்ட தூர் ஒன்றாவது தானாகத் தேறியதாக அதுவரை யாரும் சொன்னதில்லை. அதனால்தான் பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார்.

"முப்பது வருஷமாக இதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்" என்றார் அவர். தங்கபாண்டியனின் தோளில் கை வைத்தார். மூன்று வருஷத்தில் அவர் அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

தங்கபாண்டியனுக்கு நெஞ்சு நிறைந்தது. சிலமலையில் உழுகிற குடும்பத்திலிருந்து வந்தவன் அவன். பல்கலைக்கழகத்தில் முதல் வருஷம் முழுவதும் ஆங்கில விரிவுரைகள் அவன் தலைக்கு மேலே பறந்துபோயின. விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டாம் தடவை சோறு கேட்டால் சிரிப்பார்கள் என்று அரை வயிற்றோடு எழுந்தவன். ஒரு நுண்ணோக்கியை இரண்டு பேர் பகிர வேண்டியிருந்த ஆய்வுக்கூடத்தில், அடுத்தவன் பார்த்து முடிக்கும்வரை கைகட்டி நின்றவன். வருஷத்துக்கு ஒரே ஒரு மாணவனைத்தான் மேல் ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்வார்கள். அது ஆதித்தன் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். இப்போது அது மாறிவிட்டது.

பேராசிரியரும் ஆதித்தனும் முதல் வரிசைக்குப் போனபோது, அவன் தன் செடியில் ஓர் இலையைத் திருப்பி ஆசையோடு தடவினான்.

விரல் நின்றது.

அவன் வரிசையில் நட்டிருந்தது மலபார் ரகம். அதன் இலைக்கு அடிப்புறம் பூனைமயிர் போல மெல்லிய சுணை இருக்கும். இந்த இலை வழவழவென்று இருந்தது. அடுத்த தூரைத் தொட்டான். அதுவும் வழவழப்பு. வரிசை முழுவதும் குனிந்து குனிந்து தொட்டுக்கொண்டே போனான். கடைசித் தூரில் நிமிர்ந்தபோது அவன் முகம் வெளிறியிருந்தது.

நோய் தேறவில்லை. செடியே வேறு.

*

தோட்டத்துக் காவல்காரன் சோலைமலை ஐப்பசிக்குப் பிறகு மலைக்காய்ச்சல் வந்து கீழே இறங்கிவிட்டான். அவன் திரும்பும்வரை காவலுக்கு இருந்தவர் தங்கபாண்டியனின் தகப்பனார் உக்கிரபாண்டி. "மகன் தோட்டந்தானே, நான் பாத்துக்கிறேன்" என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. தை பிறந்து சோலைமலை வந்ததும் ஊருக்குத் திரும்பியிருந்தார்.

தங்கபாண்டியன் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் மலையிறங்கி, போடியில் பஸ் பிடித்துச் சிலமலைக்குப் போனான். உக்கிரபாண்டி கிணற்றடியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"வா அப்பு. வாத்தியாரு வந்து பாத்தாராக்கும்? என்ன சொன்னாரு?"

"ரொம்பச் சந்தோசப்பட்டாரு."

உக்கிரபாண்டியின் முகம் மலர்ந்தது. மாட்டின் முதுகைத் தட்டினார். "படாம? நான் போறப்ப அந்த வரிசை கெடந்த கெடப்பு என்ன. எலையெல்லாம் சோகை புடிச்சுப்போயி."

"அய்யா, அந்தச் செடிகளை என்ன செஞ்சீங்க?"

"புடுங்கி எரிச்சுட்டேன். பக்கத்து எஸ்டேட்டு கங்காணி சின்னச்சாமி இருக்கான்ல, அவன்கிட்டச் சொல்லி நல்ல தூரா கெளப்பி, நானே தலையில செமந்து வந்து நட்டேன். அந்தத் தகரத் துண்டுல நம்பர் எழுதித் தொங்கவிட்டிருந்தியே, அதக்கூட ஒண்ணு மாறாம அந்தந்த எடத்துல கட்டிட்டேன்." பெருமையோடு சிரித்தார். "யாருக்கும் தெரியாது. ஒனக்கே தெரியலேல்ல?"

தங்கபாண்டியன் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டான்.

"ஏன்யா இப்படிச் செஞ்சீங்க?"

"பெறகு? சீக்குச் செடிய நெலத்துல நிக்கவிட்டா, போறவன் வர்றவன் காறித் துப்ப மாட்டானா? எஸ்டேட்டு ஆளுக அந்த வழியாத்தான் போறானுக. 'காலேசுல படிக்கிற உம்ம மகன் தோட்டத்தப் பாருமய்யா, செடியப் பூராக் கொன்னுபுட்டான்'னு என் காது படவே சொல்றானுக. செத்த எடத்துல புதுசு நட்டு நெரப்புறதுதானய்யா வெவசாயம். எங்கப்பன் காலத்துல இருந்து அப்படித்தான்."

"அது சாகத்தான் வளத்தது. எப்படிச் சாகுதுன்னு பாக்கணும். அதுதான் பரீட்சை."

உக்கிரபாண்டி மகனை உற்றுப் பார்த்தார். கேலி செய்கிறானோ என்று சந்தேகம்.

"செத்தா பாஸா?"

"செத்தாலும் பாஸ்தான். பொழைச்சாலும் பாஸ்தான். நடந்தது நடந்தபடி இருக்கணும்."

"செடியக் கொல்றதுக்கு எதுக்கய்யா அம்புட்டுப் பெரிய கட்டடம்? நம்மூர்ல தண்ணி கட்டாம விட்டாலே செத்துப்போகுமே" என்றார். அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. மகன் சிரிக்காததைக் கண்டபின்தான் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அவருக்கு உறைத்தது. "ஒன் பரீட்சைக்குக் கெடுதலா அப்பு?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

தங்கபாண்டியன் எழுந்து பஸ்ஸுக்கு நடந்தான்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்தான். சொல்லாவிட்டால் ஆய்வேடு, முதல் வகுப்பு, மேல் ஆராய்ச்சி, பேராசிரியரின் கை தோளில். சொன்னால் ஒன்றுமில்லை. ஆனால் போடிக்குத் திரும்பியதும் ஒரு செய்தி காத்திருந்தது. பேராசிரியர் சந்தோஷத்தில் ஏல வியாபாரி ஜெபமணியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். ஜெபமணிக்குக் கடையும் உண்டு, மலையில் கொஞ்சம் தோட்டமும் உண்டு. அவரும் இன்னும் சில தோட்டக்காரர்களும் மூன்றாம் வரிசையைக் கிளப்பிப் பிரித்து ஆளுக்குக் கொஞ்சமாக நடுவதற்குக் கேட்டிருந்தார்கள். பேராசிரியரும் சம்மதித்துவிட்டார்.

அந்தத் தூர்கள் இரண்டு மாதமாக நோய்ச் செடிகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தன. பூச்சி இதற்குள் தாண்டியிருக்கும். இன்னும் கொஞ்ச நாளில் இலை வெளிறும். அதை வாங்கிப் போய் நல்ல தோட்டத்தின் நடுவில் வைப்பது, வைக்கோல் படப்பில் தீக்கங்கைச் செருகுவது போல.

அன்று மாலையே பேராசிரியர் தங்கியிருந்த பங்களாவுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னான்.

சுந்தரராஜ் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"உன் தகப்பனாரை நாளைக்குத் தோட்டத்துக்கு வரச் சொல்" என்றார். "அவர் வாயால் கேட்கிறேன்."

*

மறுநாள் தோட்டத்தில் ஜெபமணியும் இருந்தார். செடியைப் பார்த்துப் பேசி முடிக்க இரண்டு தோட்டக்காரர்களையும் கூட்டி வந்திருந்தார். அவர்கள் இருவரும் சிலமலைப் பக்கத்துக்காரர்கள்தாம். உக்கிரபாண்டியைக் கண்டதும் கும்பிட்டார்கள். சிலமலைக் கண்மாயில் தண்ணீர் முறைக்குச் சண்டை வந்தால் உக்கிரபாண்டியைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு பிடி மண்ணைக் கையில் எடுத்து, இன்னாருக்குத்தான் முறை என்று அவர் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை. அரிவாளோடு வந்தவனும் திரும்பிப் போவான்.

"பெரியவரே, இந்த வரிசையில் நீங்கள் செடி ஏதாவது மாற்றினீர்களா?" என்று கேட்டார் பேராசிரியர்.

உக்கிரபாண்டி மகனைப் பார்த்தார். நேற்று அவன் உட்கார்ந்த விதம் அவருக்கு மறக்கவில்லை. தான் செய்ததுதான் கெடுதல் என்றால், செய்யவில்லை என்று சொன்னால் கெடுதல் போய்விடும். அவருக்குப் பட்ட கணக்கு அதுதான்.

"இல்லீங்கய்யா."

"அய்யா" என்றான் தங்கபாண்டியன்.

"நீ சும்மா இரு அப்பு." பேராசிரியர் பக்கம் திரும்பினார். "பையன் பரீட்சைப் பயத்துல எதையாச்சும் ஒளறியிருப்பான். நான் ஒரு செடியும் தொடல. தண்ணி ஊத்துனேன், அம்புட்டுத்தான்."

"உறுதியாகச் சொல்கிறீர்களா?"

உக்கிரபாண்டி குனிந்தார். மூன்றாம் வரிசையின் காலடியிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளிக் கையை நீட்டினார்.

"இந்த மண்ணு மேல ஆணை."

அந்த இரண்டு தோட்டக்காரர்களும் தலையசைத்தார்கள். அவர்களுக்கு விஷயம் முடிந்துவிட்டது. தங்கபாண்டியன் இப்போது வாயைத் திறந்தால், கையில் மண்ணோடு நிற்கிற தகப்பனைப் பொய்யன் என்று சொல்ல வேண்டும்.

அப்போது பேராசிரியர் ஓர் இலையைத் திருப்பினார். கட்டைவிரல் அதன் அடிப்புறத்தில் மெதுவாக ஓடிப் பாதியில் நின்றது. தங்கபாண்டியன் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். முப்பது வருஷம் ஏல இலையைத் தொட்ட விரல் அது.

சுந்தரராஜ் இலையை விட்டார்.

"பெரியவர்தான் சொல்லிவிட்டாரே" என்றார், யாரையும் பார்க்காமல். "மழைக்கு முன்னால் கிளப்பிக்கொள்ளலாம், ஜெபமணி."

இறங்கும் வழியில் தங்கபாண்டியன் பேராசிரியரை நெருங்கி நடந்தான்.

"சார், இலையைத் தொட்டீங்களே."

"தொட்டேன்."

"அது மலபார் இல்லை சார்."

"முதலாளி இந்த வருஷத்தோடு இந்தத் தோட்டத்தை மூடச் சொல்லியிருக்கிறார். காட்டுவதற்கு ஒன்றுமில்லாத ஆராய்ச்சிக்குத் தன் பணம் எதற்கு என்கிறார். இதைக் காட்டினால் இன்னும் கொஞ்ச வருஷம் கொடுப்பார். அதற்குள் உண்மையாகவே ஒரு ரகம் கிடைக்கலாம்." ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "நீ ஆய்வேட்டை எழுது. முதல் வகுப்பு உனக்குத்தான். உன் அப்பா உனக்காகச் செய்ததைக் கெடுக்காதே."

*

போடியில் ஜெபமணியின் கடைப் பின்கட்டில் பெண்கள் உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் பச்சையாய்ப் பெரிய குவியல். ஜெபமணி ஒரு காயை உடைத்து விதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. டீ சொல்லட்டுமா?"

"வேண்டாண்ணே. அந்தச் செடிய வாங்காதீங்க."

ஜெபமணி விதையைக் கீழே போட்டார். தங்கபாண்டியன் நின்றபடியே சொன்னான். சின்னச்சாமி கங்காணியைக் கேட்டாலும் தெரியும் என்றான். எங்கோ ஒரு பெண் இருமினாள். மற்றவர்களின் கைகள் ஓயவில்லை, ஆனால் காதெல்லாம் இங்கேதான் இருந்தது.

"இப்ப நீங்க சொல்றது எனக்கு நம்பத் தோணுது" என்றார் ஜெபமணி. "ஆனா ஒரு சிக்கல் இருக்கு. நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன், மண்ணெடுத்துச் சொன்னா எனக்குப் பெருசா ஒண்ணுமில்ல. செடிக்கு நிக்கிறவங்க எல்லாம் ஒங்க ஊரு ஆளுங்க. ஏன் வேண்டாங்கிறேன்னு கேப்பாங்க. சும்மா வேண்டாம்னா, வியாபாரி தான் ஒருத்தனே அமுக்கப் பாக்குறான்னு போயி வாங்கிருவாங்க. காரணம் சொல்லணும். சொன்னா ஒங்க அய்யா மண்ணெடுத்துப் பொய் சொன்னாருன்னு ஆகிப்போகும். அப்புறம் அவர யாரும்…" முடிக்காமல் நிறுத்தினார். "ரோசிச்சுச் சொல்லுங்க தம்பி. நான் வாயத் தெறந்தா திரும்ப மூட முடியாது."

தங்கபாண்டியன் அந்தக் குவியலையே பார்த்தான். அவனுக்கு ஞாபகத்தில் வந்தது ஆதித்தனின் வரிசை. அப்படி ஒரு சரிவு முழுக்க வெளிறிச் சுருண்டு கிடந்தால், இங்கே உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குப் பொறுக்க என்ன இருக்கும்?

"சொல்லுங்கண்ணே" என்றான்.

அந்தச் செடி யாருக்கும் வேண்டாம் என்று ஆனபின், மூன்றாம் நாள் பேராசிரியர் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். அவருடைய பெட்டி கட்டியாகிவிட்டது. அவர் கோபப்படவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"என்னிடம் நீ முதலில் வந்திருக்கலாம்."

"வந்தேனே சார்."

சுந்தரராஜ் பேனாவைத் திறந்தார், மூடினார். "ஆய்வேடு இல்லாமல் உன்னை ஆனர்ஸுக்கு அனுப்ப முடியாது. அது விதி. நான் வைத்த விதியில்லை."

"தெரியும் சார்."

ஆதித்தன் ரயிலடியில் அவன் பெட்டியைத் தூக்க வந்தான், தூக்கப் பெட்டி இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. "நீ வரலியா?" என்றான். அவனுடைய சுடுகாடு ஒழுங்காகச் செத்திருந்தது, நடந்தது நடந்தபடி. அதற்கு முதல் வகுப்புக் கிடைக்கும் என்று இருவருக்கும் தெரியும். "ஒன் நோட்ஸெல்லாம் விடுதியில கெடக்குடா. பார்சல்ல போட்டுர்றேன்" என்றான் கடைசியில்.

"நீயே வச்சுக்க."

வண்டி நகர்ந்தது.

*

பங்குனியில் கண்மாய் வற்றிக்கொண்டே வந்தது. தண்ணீர் குறையக் குறைய ஊரில் சத்தம் கூடும்.

தங்கபாண்டியன் தகப்பனோடு வயலில் நின்றான். இந்த இரண்டு மாதத்தில் உக்கிரபாண்டி அவனிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. தாய் ராமுத்தாய் மட்டும் ஒருநாள் சோற்றைப் போட்டுக்கொண்டே, "ஒனக்காகத்தானடா அவரு மண்ணைத் தொட்டாரு" என்றாள். "தெரியும் ஆத்தா" என்றான்.

வரப்பில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். ஒருவன் கையில் மண்வெட்டி இருந்தது. "முறை எனக்குத்தான்டா" என்று ஒருவன், "போன தடவை மடையை அடைச்சது யாரு" என்று மற்றவன். உக்கிரபாண்டி சத்தம் கேட்டு நிமிர்ந்தார். பழக்க தோஷத்தில் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பேறி நின்றார்.

அவர்கள் கிட்டே வந்தார்கள். அவரைப் பார்த்ததும் இருவரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள். பெரியவர் நிற்கிறாரே என்று ஒருவன் செருப்பைக்கூடக் கழற்றினான். ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. அவரைச் சுற்றிக்கொண்டு, வயலுக்குள் இறங்கி, அந்தப் பக்கம் ஏறிப் போனார்கள். கொஞ்ச தூரம் போனபின் மறுபடி சத்தம் தொடங்கியது. அப்புறம் மண்வெட்டி எதன்மேலோ விழும் சத்தம். யாரோ அலறினார்கள். மற்ற வயல்களிலிருந்து ஆட்கள் ஓடினார்கள்.

உக்கிரபாண்டி ஓடவில்லை. நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார். கை தானாகக் கீழே போயிற்று, மண்ணில் படுமுன் எடுத்துக்கொண்டார்.

"பரீட்சை இன்னிக்கித்தான அப்பு?" என்று கேட்டார்.

"ஆமாய்யா."

"இந்நேரம் எழுதி முடிச்சிருப்பாங்கள்ல?"

"முடிச்சிருப்பாங்க."

"சரி" என்றார் உக்கிரபாண்டி. எழுந்து வயலுக்குள் இறங்கினார்.